நீ எனக்கு இடாத கட்டளை

தம்பி,

இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதட்டை அசைத்து நீ தமிழ் வாசிப்பது எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மூன்று நிமிடத்தில் கண்ணை ஓட்டிவிட்டு, “இட்ஸ் ஓகே அம்மா” என்று ஒரு செய்தி அனுப்பியிருப்பாய். அப்படி முடிந்துவிடக் கூடாது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். திங்கட்கிழமை நீ கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்குள்ள சரக்கு ஷெட்டில் ஒரு ஷிஃப்டை நடத்தும் வேலைக்கு உன்னைக் கேட்டிருக்கிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே இடத்தில் பெட்டிகளை ஸ்கேன் பண்ணும் வேலையைக் கேட்கப் போவதாகப் புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னாய். “எனக்கு ஆக்களை நடத்த வராது அம்மா. வராத வேலையில நிண்டா இன்னொரு ஆளுக்கு அடிபடும்” என்றாய். நீ முழுதாகத் தமிழில் சொல்லும் வசனங்கள் குறைவு; அவை இரண்டும் முழுதாக இருந்தன. அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன், முகத்தைக் காட்ட முடியாமல். உனக்கு வராது என்று நீ நம்புவதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் உன் கைக்கு வருகிறது. நீ சம்மதித்தால் இங்குள்ள நம் ஆட்களின் சஞ்சிகைக்கும் கொடுப்பேன். என்னைப் பற்றி நாலு பேர் கதைப்பதே பிடிக்காதவள் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நான் பொய் சொன்னது நாலு பேருக்கு முன்னால். உண்மையை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டுவது சரியில்லை.

மஹீனிலிருந்து தொடங்க வேண்டும். உனக்கு அவளைத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சரக்கு ஷெட்டில் என்னோடு வேலை செய்கிறவள். ஈரானில், மஷாத் நகரத்தில் பாரசீக இலக்கியம் படித்தவள். என் வயது, நாற்பது. நானோ மன்னாரில் ஏ லெவல் எழுதிவிட்டுப் பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள். பல்கலைக்கழகத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அந்த ஆசையை இன்றுவரை நூலகப் புத்தகங்களால் தணித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த புட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை, பாரசீகத்தில் வேறு ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்டேன். “உன் கை நோகாமல் இருக்கட்டும்” என்றாள். நன்றிக்கு அவர்கள் சொல்வதே அதுதானாம். வேலையில் நிற்கிறவரைக் கண்டால் “களைக்காமல் இரு” என்பார்களாம். நாங்கள் இருவரும் கதைப்பது ஆங்கிலத்தில். ஆனால் என் காதுக்குள் எல்லாரும் மன்னார்த் தமிழில்தான் கதைக்கிறார்கள், அப்படியே எழுதுகிறேன். “உங்கட ஊரில எல்லாரும் எல்லாருக்கும் ஆசீர்வாதம் குடுப்பீங்களோ?” என்று கேட்டேன். “கஞ்சனும் குடுப்பான். அவனுக்கு அது ஒண்டுதான் குடுக்க விருப்பம்” என்றாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரங்களில் அவள் தன் தொலைபேசியில் பழைய பாரசீக உரைநடையை வாசிப்பாள், நான் கேட்பேன். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்தியவை. அரசவைக் கடிதங்கள், வரலாறுகள், அரசகுமாரர்களுக்குப் பெரியவர்கள் எழுதிய அறிவுரைகள். மஹீன் ஒரு வாக்கியத்தை வாசித்து, நிறுத்தி, ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்வாள். முதல் கிழமையிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது, தம்பி. ஒரு வினைச்சொல்லைக் கேட்டாலே பேசுகிறவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடுகிறது: சிம்மாசனத்திலா, படிக்கட்டிலா, வாசலுக்கு வெளியே வெயிலிலா என்று. அரசனுக்கு எழுதுகிறவன் அவனை நேரே பார்த்துப் பேசுவதில்லை. ‘நீங்கள்’ என்றுகூட இல்லை. அரசன் அந்த வாக்கியத்தில் ஏதோ தொலைவில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆள். எழுதுகிறவன் தன்னை அடியான் என்பான். முதலில் அரசனின் ஆயுள் நீள்க என்று ஒரு வாழ்த்து. பிறகு, மேலான எண்ணத்துக்குச் சரியென்று படுமானால் என்று ஒரு கதவு. படைக்குச் சோறு இல்லை, கோட்டை விழப் போகிறது என்ற செய்தி அந்தக் கதவுக்குப் பின்னால் கைகட்டி நிற்கும். அரசன் பேசும்போது கதவுகளே இல்லை. அனுப்பு. எழுது. விடு. அவ்வளவுதான். கோபத்தில் ஒருவனைக் கொல்லச் சொல்லும் அரசனிடம் மந்திரி ஒருபோதும் ‘கொல்லாதே’ என்று சொல்வதில்லை. நாளைக்கு இவன் தேவைப்பட்டால் எங்கே தேடுவது என்று ஒரு கேள்வி கேட்பான். அந்தக் கேள்வியின் வளைவில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும். நான் புட்டை வாயில் வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

வாழ்த்துவதற்கென்றே அந்தப் பழைய மொழியில் வினைக்கு ஓர் உருவம் இருந்திருக்கிறது. சொல்லின் முடிவில் ஓர் ஆகாரம் நீளும்: ‘கொனாத்’ என்றால் செய்வாராக, ‘மபாத்’ என்றால் அப்படி ஆகாதிருக்க. மஹீன் அதை வாசிக்கும்போது அவள் குரலும் அந்த இடத்தில் நீளும், யாரோ கையை உயர்த்தி ஆசீர்வதிப்பதுபோல. இப்போது அந்த உருவம் அநேகமாக வழக்கில் இல்லையாம். நான் நம்முடைய வாழ்கவையும் வருகவையும் ஒழிகவையும் சொல்லிக் காட்டினேன். “வாழ்த்தவும் சபிக்கவும் ஒரே எழுத்தோ?” என்று கேட்டாள். “ஓம்.” “சிக்கனமான ஆக்கள்” என்று தலையாட்டினாள். இன்னொரு நாள் அவள் வாசித்தது ஓர் ஆண்டியைப் பற்றி. கிழிந்த கம்பளியோடு அரசனின் முன்னால் வந்து, வாழ்த்தும் இல்லாமல் கதவும் இல்லாமல், ‘பயப்படு’, ‘கொடு’, ‘வழியை விடு’ என்கிறான். அரசன் பேசும் அதே வெறும் கட்டளை. மஹீன் சொன்னாள்: “பார், இந்தப் புத்தகங்களில அப்படிக் கதைக்கிறது ரெண்டே ரெண்டு பேர். எல்லாம் இருக்கிறவன். மற்றது, ஒண்டும் வேண்டாதவன்.” கடவுளிடம் கேட்கும்போதும் அவர்கள் அப்படித்தானாம்: நீ கொடு, நீ மன்னி. நான் யோசித்துப் பார்த்தேன். நாமும் கோயிலில் செபம் சொல்லும்போது தாரும், மன்னியும் என்றுதானே கேட்கிறோம். அதே ‘உம்’மை வைத்துத்தான் நான் உன் அப்பாவிடம் இரும், தேத்தண்ணி குடியும் என்கிறேன். இதைச் சொன்னதும் மஹீன் மேசையில் தட்டிச் சிரித்தாள். “கடவுளும் உன்ர மனுசனும் ஒரே வரிசையிலயோ?” “அவருக்குச் சொல்லிப்போடாதை. பிறகு கீழ இறங்க மாட்டார்.”

இன்னும் ஒன்று சொன்னாள், அது என்னோடு வீட்டுக்கு வந்தது. அந்த வரலாறுகளில் அரசன் மதிலைக் கட்டினான் என்று எழுதுவதில்லை, கட்டும்படி பணித்தான் என்றுதான் எழுதுவார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. “கல்லுச் சுமந்தவன்ர பேர் எங்க?” என்றேன். “சரி, திருப்பிப் பார்” என்றாள் மஹீன். “மதில் விழுந்தால் ஆர் விழுத்தினது? கல்லுச் சுமந்தவனோ? பணிச்சவன்தானே. பணிக்கிறவன் வேலையோட சேர்த்துப் பழியையும் தன்ர தலையில வாங்கிறான்.” கட்டளை என்பது மேலிருந்து விழும் அடி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குள் இப்படி ஒரு சுமை தாங்கும் தோள் இருக்கும் என்று நினைத்ததில்லை. பிறகு எனக்கு கிளென்ஃபீல்டில் நாம் இருந்த காலம் நினைவுக்கு வந்தது. உனக்கு ஐந்து வயது. டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் வாங்கிய ஐஸ் பழத்தோடு நீ எனக்கு முன்னால் வெளியே ஓடினாய். வெள்ளைக் கார் ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. “நில்!” என்றேன். வேறு ஒரு சொல்லும் இல்லை, உன் பெயர்கூட இல்லை. எதைச் சொன்னாலும் “ஒய்?” என்று கேட்கிற பிள்ளை நீ. அன்று நின்றாய், ஒரு காலைத் தூக்கியபடியே. கார் போன பிறகுதான் “ஒய்?” என்று கேட்டாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டேன்; ஐஸ் பழம் முழுக்க என் தோளில் கரைந்தது. அந்த ஒற்றைச் சொல்லில் நான் எவ்வளவு பேரை நிறுத்தியிருப்பேனோ தெரியாது. உனக்கு இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகள்கூட அதற்குள் இருந்திருப்பார்கள்.

இப்போது ஷெட்டுக்கு வருகிறேன். நீ படிப்பை முடித்து அங்கே சேர்ந்து, ஒன்றரை வருடத்தில் எங்கள் ஷிஃப்டை நடத்தும் லீட் ஆனாய். இருபத்தொரு வயதில். அன்று நான் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். அதே நாள் வீட்டில் உன்னிடம் ஒன்று சொன்னேன், நினைவிருக்கிறதா? “வேலையில என்னை அம்மா எண்டு கூப்பிடாதை. நான் சொல்லித்தான் உனக்கு வேலை குடுத்தது எண்டு ஆக்கள் கதைப்பினம்.” நீ “ஓகே” என்றாய். அதற்குப் பதிலாக என்னை எப்படிக் கூப்பிடுவது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மற்ற எல்லாரையும் நீ பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாய், அறுபது வயது மனிதரைக்கூட. இந்த நாட்டில் அது வழக்கம். என் பெயரை நீ சொல்ல முடியாது. நம் வீடுகளில் எந்தப் பிள்ளை தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது? ஆக, உன் வாயிலிருந்த ஒரே பெயரை நானே பறித்துவிட்டு உன்னை நாற்பது பேருக்கு முன்னால் நிறுத்தினேன். நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். “மஹீன், அந்தப் பட்டியை இறுக்குங்க” என்பாய். என் முறை வந்தால் தரையைப் பார்த்து, “யாராவது அதை ஒருக்காப் பாத்தால் நல்லம்” என்பாய். இங்கத்தைய ஆங்கிலமும் உனக்குக் கைகொடுத்தது. இங்கே பலரும் அப்படித்தான் கதைக்கிறார்கள், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மஹீனுக்கு மட்டும் தெரிந்தது. பாரசீகத்தில் ஜான் என்றால் உயிர். அவர்கள் அன்பாகக் கூப்பிடும்போது பெயருக்குப் பின்னால் சேர்க்கும் சொல். அவள் எனக்கு ‘யாராவது ஜான்’ என்று பெயர் வைத்தாள். “யாராவது ஜான், பெரியவர் உன்னைத்தான் கூப்பிடுறார்” என்பாள். நான் சிரிப்பேன். நாள் போகப் போகச் சிரிப்புக் குறைந்தது.

அந்த நாள் காலையில் ஆட்டிறைச்சிப் பெட்டிகள் வந்திருந்தன. விமானத்தில் ஏற்றும் பெரிய அலுமினியத் தட்டின்மேல் பெட்டிகளை அடுக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, வலையால் மூடி, மூலைகளில் கொளுவிப் பட்டியை இறுக்குவதுதான் என் வேலை என்பதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நீ ஷிஃப்ட் தொடக்கத்தில் எல்லாரையும் கூட்டி முந்தைய நாள் வேலையைப் பாராட்டினாய். மஹீனைப் பெயர் சொன்னாய். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சியோனேயைப் பெயர் சொன்னாய். நான் தனியாகக் கட்டிய தட்டைப் பற்றி, “அதையும் யாரோ நல்லாச் செய்திருந்தினம்” என்றாய். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது வயதுக்காரி, இவ்வளவு வாசித்தவள், ஒரு சின்னப் பிள்ளையைப்போலக் கோபித்துக்கொண்டேன். பிறகு ஒரு பெட்டி ஒழுகுகிறதென்று வலையைக் கழற்றி, மறுபடி அடுக்கி, மறுபடி கொளுவினோம். மதியத்துக்குச் சற்று முன்னால் நீ அந்தப் பக்கம் வந்தாய். ஒரு மூலையில் பட்டி தளர்ந்திருப்பதைக் கண்டாய். தூரத்தில் மஹீன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் மட்டும்தான். நீ தரையைப் பார்த்து, “அந்த மூலையை யாராவது ஒருக்காப் பாத்தால் நல்லம்” என்றுவிட்டுப் போனாய்.

எனக்குக் கேட்டது, தம்பி. எந்த மூலை என்றும் தெரிந்தது. என்னிடம்தான் சொன்னாய் என்பதும், நிற்கிற தரையைப்போல, சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. வேண்டுமென்றால் என்னைப் பார்த்துச் சொல்லட்டும் என்று மனதுக்குள் சொன்னேன். சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. கையுறையைக் கழற்றினேன். சாப்பாட்டு அறையில் மஹீனோடு போய் உட்கார்ந்து, மந்திரி ஒருவன் அரசனிடம் எவ்வளவு நயமாகப் பேசினான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மஹீன் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. சியோனே தட்டைத் தூக்கித் திருப்பும்போது வலை விட்டுவிட்டது. பெட்டிகள் சரிய, இறங்கித் தடுக்கப் போன அவனுடைய மணிக்கட்டு முறிந்தது. நாங்கள் ஓடி வந்தபோது நீ அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்தாய்.

விசாரணை அறையில் ஆறு பேர் இருந்தோம். அந்த மூலையைப் பார்க்கும்படி உங்களிடம் யாராவது சொன்னார்களா என்று மேலாளர் என்னைக் கேட்டார். நான் “இல்லை” என்றேன். நீ ‘யாராவது’ என்றுதானே சொன்னாய், எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அது பொய்யில்லை என்று வாதாடலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு, “நான் ஒருவரிடமும் தெளிவாகச் சொல்லவில்லை. பிழை என்னுடையது” என்றாய். நான் வாசிக்கக் கேட்ட எந்த அரசனும், தன் தலையில் விழவேண்டிய பழியை அப்படி வாங்கியதில்லை. நீயோ, இடாத ஒரு கட்டளைக்குப் பழியை வாங்கினாய். என் வயிற்றில் பிறந்தவனா இவன் என்று அந்தக் கேவலமான நேரத்திலும் எனக்கு வியப்பு வந்தது. உனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு இரண்டு மாதம் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன். லீட் வேலையை உன்னிடமிருந்து எடுத்தார்கள், அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் புதன்கிழமை நீ “எனக்கு வராது” என்று சொன்னபோதுதான் விளங்கியது: உனக்குத் தெரியவே தெரியாது. நீ சொன்னது என் காதில் விழவில்லை என்று நம்பியிருக்கிறாய். உன் வாயில் குறை இருக்கிறது என்று நம்பியிருக்கிறாய்.

வியாழக்கிழமை மஹீனிடம் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுத் தேநீரைக் கீழே வைத்தாள். கேலி இல்லை, ஜான் இல்லை. “போய்ச் சொல்” என்றாள். இத்தனை வருடத்தில் அவள் எனக்கு இட்ட முதல் கட்டளை அது. அவளுக்கு அதில் கிடைக்கப் போவது எதுவும் இல்லை. ஒருவேளை சாப்பாட்டு மேசையில் ஒரு துணையை இழக்கலாம். வெள்ளிக்கிழமை காலை மேலாளரிடம் போனேன். முழுதும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்றார். “வெட்கம்” என்றேன். அறிக்கையைத் திருத்துகிறார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், வேறு ஷிஃப்டுக்கும் மாற்றலாம். நீ சொன்னது எனக்கு விளங்கியது என்றும், விளங்கியும் நான் செய்யவில்லை என்றும் இனி அந்த ஏட்டில் இருக்கும். சியோனேயிடமும் போனேன். மணிக்கட்டில் இன்னும் பட்டி போட்டிருக்கிறான். “அப்ப ஆன்ட்டி, உங்கட மகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த பீட்சாவெல்லாம் நீங்கள் கொண்டு வந்திருக்க வேண்டியது. அதுவும் கறியா இருந்திருக்கும்” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “உங்களுக்குக் கேட்டதுதானே?” என்றான். “ஓம்” என்றேன். அவன் தலையை அசைத்துவிட்டுப் போனான். அந்தப் பேசாமை எனக்குரியது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை நீ என்ன சொல்வது என்பதை நான் சொல்லப் போவதில்லை. கிறைஸ்ட்சர்ச் குளிர், வாடகை, தூரம் என்று மறுக்க உனக்கு நூறு காரணம் இருக்கலாம். எல்லாம் நியாயமாக இருக்கலாம். நடத்தத் தெரியாதவன் என்ற ஒரு காரணத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடு, அது என்னுடைய பொய்யால் உண்டானது. நீ செய்த பிழை ஒன்று உண்டு, அதையும் மறைக்க மாட்டேன்: மரியாதை என்று நினைத்து, ஒருத்திக்கு வேலையையும் கொடுக்காமல் அவளையும் பார்க்காமல் போனாய். அதைக் கற்றுத் தந்தவள் நான். போவதானால் ஒன்று செய். உன் புது ஷிஃப்டில் என் வயதில் ஒருத்தி கட்டாயம் இருப்பாள், எந்த நாட்டுக்காரியோ. முதல் நாளே அவளிடம் போய்ப் பெயரைக் கேள். சரியாக உச்சரிக்க வரும்வரை திருப்பித் திருப்பிக் கேள். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லி, எந்த மூலை என்று கையால் காட்டி, இறுக்கச் சொல். அவள் முறைத்தால் முறைக்கட்டும். நீ அங்கேயே நில், அவள் இறுக்கி முடிக்கும்வரை.

அம்மா